வலப்பக்கம் இரண்டு அங்குலம்

ஹோட்டலில் நாற்பத்திரண்டு அறை,
நாற்பத்திரண்டு சட்டம். படம் ஒன்றேதான்:
போன போன நூற்றாண்டின் பிரெஞ்சு வயல்,
அறுத்து முடித்த தாளுக்கிடையே
சிந்திய கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள்.

"மனசுக்கு அமைதியான படம்" என்றார் மேனேஜர் கூ,
முன்பணத்தை எண்ணிக்கொண்டே.

நிபோங் திபாலில் இரண்டு வருஷம்
செம்பனை உதிரி பொறுக்கியவள் நான்.
பார்த்ததும் தெரிந்தது.
முகத்தை நிழலில் விட்டுவிட்டு
விரல்களைத்தான் வரைந்திருக்கிறான்,
இஞ்சிக் கிழங்காய்க் கணுத்த விரல்கள்.
மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருப்பது
ஓய்வுக்கில்லை.
அங்கே ஒரு மூச்சு நின்றால்தான்
அடுத்த முறை குனிய வரும்.

தூரத்தில் போர், பாரவண்டி.
வலது ஓரத்தில், நகக்கண் அளவு,
குதிரைமேல் ஒருவன்.
எங்கள் மண்டோரிடம் ஹோண்டா இருந்தது.

சட்டம் சின்னது, படம் பெரிது.
"வலப்பக்கம் ரெண்டு அங்குலம் வெட்டிடு,
அங்க ஒண்ணுமில்ல" என்றார் முதலாளி.

வெட்டினேன்.

டத்தோ கெராமாட் சாலையில் மழை பிடித்த நேரம்
கடைத்தரை முழுக்க நீள நீளத் துண்டுகள்;
துண்டுக்கொரு மண்டோர்.
ஸ்டெல்லா துடைப்பத்தோடு குனிந்தாள்.
நானும் குனிந்தேன்.
குப்பைப் பைக்குள் போடும்போது
ஏனோ எண்ணினேன்:
நாற்பத்தொன்று.

பஸ் நிறுத்தத்தில்தான் பார்த்தேன்,
என் செருப்படியில்
ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு
குதிரையும் அவனுமாய்
கூடவே வந்திருந்தான்.