ஐம்பது குச்சிகள்

திரிலோக்புரி நகராட்சிப் பள்ளியில்
வருகைப் பதிவேட்டின் மேல் குனிந்திருந்த டீச்சர்
என் பெயரை ஒருமுறை மென்றுபார்த்து
'காயல்' என்று துப்பினார்.
அடிவயிற்றிலிருந்து எழும்பி வரும் கா.
இந்தியில் அதற்குக் காயம்பட்டவள் என்று பொருள்.
வகுப்பே திரும்பி
எங்கே ரத்தம் என்று தேடியது.

வங்கியில் சேர்ந்தபோது அதே சொல், வேறு கா.
மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டவள்.
கோப்பு நீட்டும்போதெல்லாம் மேலாளர் கர்க்
'நான் உங்களுக்குக் காயல், மேடம்' என்பார்,
பிறகு அவரே சிரித்தும் முடிப்பார்.

தமிழில் எழுதிப் பார்த்தால்
இரண்டுக்கும் ஒரே எழுத்து,
அதுவும் ஏதோ கடலோரத்து உப்பங்கழி.
ஆக, ஒரு துணைக்கால் கூடிப்போனால் நான்
காயம், சம்மதம், உப்புத்தண்ணீர்.
அப்படியும் சில வருடங்கள் இருந்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்பில் தமிழ்ப் பள்ளி.
வேதநாயகம் சார் பெயரைக் கேட்டதும்
நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.
'பாண்டியன் கொடியில் நீந்துகிற மீனம்மா நீ!
கயல் என்றால் கெண்டை,
கெண்டை என்றால் கண்!'
நிமிர்ந்து பார்த்தேன்,
மைனஸ் ஆறு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

சித்தரஞ்சன் பார்க் சந்தையில் ஒரு ஞாயிறு
மீன்காரர் நிமாயிடம் கெண்டை எது என்று
கையாலும் கண்ணாலும் கேட்டேன்.
ரூயி, காத்லா, மிருகெல்,
எல்லாம் ஒரே வம்சம்தான் என்றார்.
பனிக்கட்டி மேல் கிடந்த ஒன்று என்னையே பார்த்தது.
நானும் பார்த்தேன்.
எனக்குத்தான் இமைக்க வேண்டியிருந்தது.
இந்தப் பெயரை வைத்துக்கொண்டு
அரைக் கிலோ வாங்கக் கூச்சமாகத்தான் இருந்தது.
குழம்பு நன்றாக வந்தது.

போன ஜூனில் மின்சாரம் போன இரவு.
அப்பா இருட்டில் தடவித் தடவித்
தீப்பெட்டியை எடுத்து உரசினார்.
வெளிச்சத்தில் சிரிப்புதான் முதலில் தெரிந்தது.
'ஒன் பேரு இதுலேருந்துதான் புள்ள எடுத்தேன்.'
எதிலிருந்து?
'பொட்டியிலேருந்து.'

எண்பதாம் வருடத்து டிசம்பர்.
சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வராந்தா.
சாலைக்குத் தார் ஊற்றச்
சின்னசேலத்திலிருந்து வந்த அய்யாக்கண்ணு
கம்பளி இல்லாமல், பீடிக்கு மேல் பீடி.
விடியும்போது நர்ஸ் கதவைத் திறந்து பெயர் கேட்டாள்.
அம்மாவுக்கு மயக்கம் தெளியவில்லை.
சுவரெல்லாம் இந்தி, அதற்கு மேலே ஆங்கிலம்.
எழுத்துக்கூட்டி மட்டும் வாசிக்கத் தெரிந்த மனுஷனுக்கு
அந்தக் கட்டடம் முழுக்க
தமிழ் இருந்த இடம் ஒன்றுதான்.
உள்ளங்கையில்.
கயல் மார்க். சிவகாசி. ஐம்பது குச்சிகள்.

மீன் படமும் இருந்ததாம்.
'நான் ஏதோ எலைன்னுல்ல நெனச்சேன்.'

'சிவகாசின்னு வெக்காம விட்டாரே,
அதுக்குச் சந்தோஷப்படு'
என்றாள் அம்மா, இருட்டுக்குள்ளிருந்து.

இப்போது அந்தப் பெயருக்கு ஏக மவுசு.
ஏதோ சீரியலால் என்கிறார்கள்,
எண் கணிதம் என்கிறார்கள்,
விண்ணப்பத்தில் சின்னதாக அடங்குகிறது என்கிறார்கள்.
மயூர் விஹார் பூங்காவில் ஒரு சாயங்காலம்
'கயல்!' என்று ஒரு குரல்.
மூன்று சிறுமிகள் திரும்பினார்கள்.
நாலாவதாக நான்,
நாற்பத்துமூன்று வயதில்,
கையில் கறிவேப்பிலைக் கட்டோடு.

கூப்பிட்ட பெண்ணுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.
'அந்தக் காலத்துலயே இவ்வளவு மாடர்னாவா!
யாருங்க வெச்சது, தமிழ்ப் பண்டிதரா?'

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
வேதநாயகம் சார் எழுந்து நின்றது ஞாபகம் வந்தது.
ஒவ்வொரு குச்சியையும்
விரல் சுடும்வரை பிடித்திருக்கும்
அப்பாவின் கருத்த நகம் ஞாபகம் வந்தது.

'இருபத்தைந்து காசு' என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.
இரண்டு கயல்கள் ஊஞ்சலுக்கு ஓடிவிட்டார்கள்.
ஒருத்தி மட்டும் நின்று
என் கண்ணாடியையே பார்த்தாள்.
அவளும் போட்டிருந்தாள்,
காதுக்குப் பின்னால்
ரப்பர் பட்டி வைத்தது.