மகனும்

மழை விட்டும் விடாத ஞாயிறு.
லியேழ் நகரில், மியூஸ் ஆற்றங்கரைச் சந்தையில்
கோழிக் கூண்டுகளுக்கும் பாலாடைக்கட்டி வண்டிக்கும் நடுவே
ஒரு தகரத் தட்டு:
நெளிந்த கரண்டிகள், கதவுக் குமிழ்கள்,
யாரோ எந்தப் போரிலோ வாங்கிய பதக்கம்,
எல்லாவற்றுக்கும் அடியில் மடங்கிக் கிடந்தது சவரக்கத்தி.

பதினைந்து யூரோ என்றாள் கடைக்காரி.
பார்க்கத் தெரிந்தவன்போல
விரித்தேன், மூடினேன், வெளிச்சத்தில் சாய்த்தேன்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
நான்காம் எண் பேருந்தை ஓட்டுவதும்
வழித்தபின் எறியும் நீலப் பிளாஸ்டிக்கால்
மூன்று நிமிடத்தில் முகம் வழிப்பதும்தான்.
பேசாமல் நின்றேன்.
பன்னிரண்டுக்கு இறங்கினாள்.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மேசை விளக்கின் கீழே
கொம்புப் பிடியில் பூச்சி அரித்த இரண்டு குழி.
அலகெங்கும் காவி, நடுவே கறுப்பாய் அம்மைத் தழும்பு.
நுனியில் நகம் தட்டும்படி ஒரு பிளவு.
அடித்தண்டில் செய்தவர் பெயரைப் பொறித்திருந்தார்கள்.
முன்பாதியைத் துரு தின்றுவிட்டது.
மிச்சம் ஒரே சொல்:
மகனும்.
யாரோடும் சேராமல்
அந்தரத்தில் தொங்கியது அந்த 'உம்'.

ஒரு வாரம்
அந்த அப்பனுக்குப் பெயர் தேடினேன்.
பிராசினும் மகனும்.
லகாஸும் மகனும்.
சிவப்பு விளக்கு பச்சையானதுகூடத் தெரியாமல்
பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

பிறகு எண்ணெயில் ஊறவைத்தேன்,
உப்புத்தாளை எடுத்தேன்.
மெல்லத் தேய்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.
கைக்குத்தான் தெரியாது.
ஒரு தழும்பு போனது, இன்னொன்று போனது,
பளபளப்பு கள்ளைப்போல் தலைக்கேறியது.
துணியால் துடைத்துப் பார்த்தேன்:
கண்ணாடியாய் மின்னியது அடித்தண்டு.
மகனும் இல்லை.

அன்றிரவு சோறு இறங்கவில்லை என்றால் பொய்.
வறுத்த உருளைக்கிழங்கை ஒரு தட்டு தின்றேன்.
விளக்கை அணைத்த பிறகுதான்
அந்த வழவழப்பை விரல் போய்ப் போய்த் தடவியது.

ஆர்தென் மலையின் மஞ்சள் கல்
கத்தியைப்போல் ஐந்து மடங்கு விலை.
நீர் தெளித்துத் தேய்த்தால் பால் கசியும்.
முதுகும் வாயும் ஒருசேரப் படிய
ஒரு தள்ளு, முதுகின்மேல் ஒரு புரட்டு, ஒரு இழுப்பு.
வாயின்மேல் புரட்டினால் பட்ட பாடெல்லாம் வீண்.
இருமுறை புரட்டினேன்.
நான் அதைப் பதம் பார்க்குமுன்
அது என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது.
பதினோராம் நாள்
நுனிப்பிளவு தேய்ந்து மறைந்தது.
இடுப்பு வாரைக் கதவுப்பிடியில் மாட்டி
ஐம்பது முறை வருடினேன்.

சோதிக்க ஒரு முடி வேண்டும்.
என் தலையோ அறுத்து முடித்த வயல்.
இரவு பத்தேகாலுக்கு இறங்கிப்போய்
கீழ்த்தளத்து ஜினெத்தின் கதவைத் தட்டினேன்.
"ஒரே ஒரு முடி வேண்டும்."
அவள் என் கையைப் பார்த்தாள்.
கத்தியை விரித்தபடியே வந்திருக்கிறேன்.

சங்கிலியை மாட்டிவிட்டு
இடுக்கு வழியாகக் கேட்டாள்.
எல்லாம் சொன்னேன், பன்னிரண்டு யூரோவிலிருந்து.
சங்கிலியை எடுத்தாள்.
"நரைதான், பரவாயில்லையா?"

மாடிப்படி விளக்கு தானாக அணைந்தது.
அவளே எட்டி அமுக்கினாள்.
தொங்கவிட்ட முடியை
அலகின்மேல் மெதுவாக இறக்கினேன்.
சத்தமே இல்லை.
பாதி என் கையில், பாதி அவள் செருப்பின்மேல்.
பதம் அழிந்த இரும்பில்
பதம் வந்திருந்தது.

காலையில் வெந்நீர், நுரை.
வலக்கன்னம் வலக்கைக்கு வழிவிட்டது.
சருகின்மேல் பூனை நடக்கிற ஓசை.
கத்தியை இடக்கைக்கு மாற்றினேன்:
அது வேறு யாருடைய கையோ.
காதோரம் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.
நுரை காய்ந்தது.
ஆறு நாற்பதுக்கு முதல் பேருந்து.

வாசலில் ஜினெத் குப்பைப் பையோடு நின்றாள்.
முகத்தின் இந்தப் பக்கம் பார்த்தாள்,
சுற்றி வந்து அந்தப் பக்கம் பார்த்தாள்.
"மீதி எப்போது, மஸ்யோ லாம்பெர்?"

ஞாயிறு, என்றேன்.