பன்னிரண்டு கட்டங்கள்

எட்மண்டனில், 118ஆவது அவென்யூவில்
மூடிப்போன லாண்டரிக்குப் பின்னால்
பன்னிரண்டு கார்களுக்கான வெள்ளைக் கோடுகள்.
கடை இருந்த காலத்திலும்
அழுக்கு மூட்டையைத் தோளில் போட்டு
நடந்துதான் வந்தார்கள்.
ஆனாலும் பன்னிரண்டு. விதி.

பனி கொட்டிய மறுநாள் காலைகளில்
நான் போய்ப் படமெடுப்பேன்;
நகராட்சியில் அதற்கும் சம்பளம் உண்டு.
மூன்று குளிர்காலம். டயர்த் தடம் ஒன்றில்லை.
ஒரு முயல் மட்டும்
குறுக்கே போயிருந்தது
கோடுகளை மதிக்காமல்.

ஒரு செவ்வாய் இரவு, பதினொன்று தாண்டி,
விதியில் அந்த ஒரு வரியை அடித்தார்கள்.
கைதட்டல் இல்லை.
யாரோ நாற்காலியை இழுத்த சத்தம்.

இப்போது அங்கே மூன்று மாடி, ஒன்பது வீடு.
பக்கத்து மனை ஹலீனா ஸ்டெஃபனியுக்
என்னை வேலியோரம் நிறுத்திக் காட்டினார்:
மூன்று மணிக்கே நிழல் ஏறிவிட்ட
பீட்ரூட் பாத்தி.
"உன் முயல் எங்கே போகும்?"
என் நாற்பது பக்க அறிக்கையில்
முயல் ஓர் அடிக்குறிப்பு.
வாய் திறக்கவில்லை.

இரண்டாம் மாடி ஜன்னலில்
இரவுப்பணி முடித்து வந்த யாரோ
ஈர சாக்ஸைக் காயப்போடுகிறார்கள்.
ஹலீனா அண்ணாந்து எண்ணுகிறார்.
ஐந்து.
"ஒன்றைத் தொலைத்துவிட்டது பார் அந்தப் பிள்ளை"
என்கிறார், கோபம் மாறாமலே.