சாட்சி கையைக் குலுக்குகிறார்

மேக்கன் நகரில் ஜூலை. ஐந்தாவது மாடி.
உள்ளே ஏசி, வெளியே ஜார்ஜியா,
நடுவில் கண்ணாடிக்கு வியர்த்திருந்தது.
என் வேலை சுருக்கெழுத்து.
பேசியது எதுவானாலும் பேசியபடியே பதிய வேண்டும்.
இருமலை விட்டுவிடலாம்.
அழுகைக்கு அடைப்புக்குறி உண்டு.

காலையில் வந்த நிபுணர் மாக்கல்லைப் பற்றிச் சொன்னார்:
கல்லிலேயே மெத்தென்ற கல், நகம் பட்டால் கீறும்.
பூமிக்குள் அதன் பக்கத்திலேயே கல்நாரும் படுத்திருக்கும்,
சில இடங்களில்.
அந்தச் 'சில'வுக்கு
நாற்பது நிமிடம் சண்டை போட்டார்கள்.
எல்லாம் என் விரல் வழியாகத்தான் போனது.

பிற்பகல், ஓஸெல்லா தார்ப். வயது அறுபத்தொன்று.
இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
கீமோவுக்குப் பிறகு முளைத்த முடி
இப்போதுதான் பிறந்த ஆட்டுக்குட்டிக்குப் போல.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

கேள்வி: நாளுக்கு எத்தனை முறை போட்டீர்கள்?
பதில்: குளித்ததும் ஒன்று. மதிய வண்டி எடுக்கும் முன் ஒன்று.
கேள்வி: எங்கே?
பதில்: வீட்டில்தான்.
கேள்வி: உடம்பில் எங்கே, அம்மா.

அவர் என்னைப் பார்த்தார்.
அந்த அறையில் இருந்த இன்னொரு பெண் நான்.
நான் விசைகளைப் பார்த்தேன்.

பதில்: தொடை இடுக்கில். உள்ளாடையில்.
ஐயா, நீங்கள் ரெக்சின் சீட்டில்
ஆகஸ்ட் மாதம் ஆறு மணி நேரம் உட்கார்ந்ததுண்டா?
கறுப்புப் பெண்ணென்றால் மூக்கைப் பொத்த
ஆள் காத்திருக்கிற ஊர் இது.
என் வண்டியில் நாற்பத்திரண்டு பிள்ளைகள்.
ஒரு பிள்ளை பொத்தவில்லை.

கேள்வி: கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.
பதில்: சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஒரு தடவைக்கு எத்தனை கிராம்?
பதில்: கிராம் தெரியாது. குலுக்குவேன்.

மேசைமேல் சான்றுப் பொருள் பதினான்கு,
பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளை டப்பா.
அதை எடுக்கக் கை நீட்டினார்.
இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒன்றாக எழுந்தார்கள்,
அன்று முழுக்க அவர்கள் ஒத்துப்போனது
அந்த ஒரு விஷயத்தில்தான்.
முத்திரை உடையக் கூடாது.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.
பிறகு கண்ணை மூடிக்கொண்டு
இல்லாத டப்பாவைக் குலுக்கினார்.
ஒன்று, இரண்டு, மூன்று.
கடைசியில் அடியில் ஒரு சின்னத் தட்டு,
மிச்சம் இறங்கட்டுமென்று.

'வாயால் சொல்ல வேண்டும்' என்றார் வக்கீல்.
அவர் சொல்லவில்லை.
நான் பதிந்தேன்:
(சாட்சி கையைக் குலுக்குகிறார்.)

இரவு வீட்டில்
என் டப்பாவை முதன்முறையாகத் திருப்பிப் பார்த்தேன்.
கண்ணாடி போட்டும் பிடிபடாத எழுத்து.
கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசை எடுத்து வைத்தேன்.
மூன்று குலுக்கல். அடியில் ஒரு தட்டு.
தராசு சுழியம் என்றது.
இன்னொரு மூன்று. சுழியம்.
பதினோராவது குலுக்கலுக்குத்தான்
ஒன்று என்று ஒப்புக்கொண்டது.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
இருபத்தெட்டு வருடத்தைப் பெருக்கத் தொடங்கினேன்.
லீப் வருடங்களை விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது,
கோடைவிடுமுறையைக் கழிப்பதா என்றும் தெரியவில்லை.
பாதியில் விட்டேன்.
கறுப்பு மேடையைத் துடைத்தேன்.
ஈரமாய் இருக்கும்வரை போய்விட்டதுபோல் இருந்தது.
காய்ந்ததும் வந்துவிட்டது, வெள்ளைக் கோடு.

பிரதி அனுப்பினால்
திருத்தம் சொல்ல முப்பது நாள் தருவார்கள்.
பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை,
பெயரில் ஓர் எழுத்து, தெருவின் எண், அவ்வளவுதான்.

இருபத்தொன்பதாம் நாள் அவருடைய தாள் வந்தது.
நீல மையில், ஒரே ஒரு திருத்தம்.
பக்கம் 62, வரி 9:
'கையைக் குலுக்குகிறார்' அடிக்கப்பட்டிருந்தது.
மேலே, 'நான்கு'.

காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்:
தட்டியதையும் எண்ணுங்கள்.