இரைப்பையில் ஒரு முகவரி

"மெடிசின் கிடைக்கேல்லையோ பிள்ளை?"
எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.
மட்டிக்களியில் ஒரு மாமி
துக்கம் விசாரிப்பதுபோல் வடையும் தந்தாள்.
கிடைக்கவில்லைத்தான்.
ஆனால் படிவத்தின் முதல் கட்டத்தில்
நான் எழுதியிருந்தது மிருக வைத்தியம்.
இதை இன்றுவரை ஒருவரும் நம்பியதில்லை.

ஏழு வயதில்
அப்பாவின் கடையில் உடைந்துபோன பிஸ்கட்டுகளைச்
சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு
மான்களிடம் ஓடுவேன்.
கோட்டை வாசலில் நிற்கும் ஆமிக்காரன்
பையை அவிழ்த்து, விரலால் கிளறி,
பிஸ்கட்தான் என்று கண்டதும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு
விட்டுவிடுவான்.
இடக்காது கிழிந்த குட்டி ஒன்றுக்குப்
பொட்டன் என்று பெயர்.
கையை நீட்டினால் நக்கும், அரம்போல நாக்கு.
வியர்வையின் உப்புக்காகத்தான் நக்கியது என்று
பேராதனையில் இரண்டாம் வருடம் படித்தேன்.
அதுவரைக்கும் அதன் பெயர் வேறு.

பேராதனை:
குளிர். போர்மலின். ஆங்கிலத்தில் விரிவுரை,
சிங்களத்தில் பகிடி,
தமிழில் கனவு மட்டும்.
முதன்முதல் ஆடொன்றைத் திறந்த நாள்
நிலூகா வாந்தியெடுத்தாள்.
நான் கை கழுவிவிட்டுப் போய்
மத்தியானச் சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.
பயந்தது அன்றிரவுதான்,
சாப்பிட்டதை நினைத்து.

பிறகு தம்பலகாமம்.
பெட்டியில் ஐஸ், ஐஸில் தடுப்பூசி,
கைகாட்டினால் நிற்காத மோட்டார் சைக்கிள்.
ஒருநாள் இரவு இரண்டு மணிக்குக்
கிண்ணியாவிலிருந்து நழீரா ராத்தாவின் போன்.
எருமை நேற்று மாலையிலிருந்து முக்குகிறது.
தோள்வரை கையை விட்டுத் தேடினேன்.
கன்றின் தலை பின்னால் திரும்பிக் கிடந்தது,
யாரோ கூப்பிட்டதுபோல.
நிமிர்த்தி எடுக்க விடிந்துவிட்டது.
கன்று இல்லை. தாய் எழுந்து நின்றாள்.
ராத்தா ஒரு சட்டித் தயிரை
சைக்கிளில் கட்டிவிட்டாள்.
திரும்பும் வழியெல்லாம் அது தளும்பிக்கொண்டே வந்தது.

போன ஆவணியில்
பஸ் நிலையத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்ததென்று
வனவிலங்குத் திணைக்கள ஜீப்பில்
ஒரு கலைமானைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.
வயிறு மட்டும் பெருத்திருந்தது, மற்றதெல்லாம் எலும்பு.
வேம்பின் கீழே சாக்கு விரித்துத் திறந்தேன்.
பெரிய இரைப்பையில் புல்லே இல்லை.
கயிறாய் முறுகிய பொலித்தீன் கட்டு,
தராசில் நாலு கிலோ.
ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் கழுவி வைத்தோம்:
சோற்றுப் பார்சல் தாள்கள்,
அர்ச்சனைத் தட்டு சுற்றிய உறை,
யாரோ ஜெயிக்காத லொத்தர்ச் சீட்டு.
அடியில் மஞ்சளாய் ஒன்று,
பாதி எழுத்து செரிக்காமல்:
…கதம் ஸ்டோர்ஸ், டைக் வீதி.

"மிஸ், என்ன எழுத?" என்றார் அருமைத்துரை.
"பொலித்தீன் அடைப்பு" என்றேன்.
"வயது?"
பல்லைப் பார்த்துச் சொன்னேன்.
பொட்டனாய் இருக்க முடியாது.
மான்கள் அவ்வளவு காலம் இருப்பதில்லை.
இரண்டு தரம் கணக்குப் பார்த்தேன்.
காதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மாலையில் கடைக்குப் போய்
மேசையில் அந்தப் பையை விரித்தேன்.
அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டு,
சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி,
"இது பழைய நம்பரெல்லோ,
எங்கயிருந்தெடுத்தனீ?" என்றார்,
கலியாண அல்பத்தைப் பார்ப்பதுபோல முகத்தோடு.
வாசலில் ஒரு பெடியன்
பருப்புக்கும் சீனிக்கும் காத்து நின்றான்.
அப்பா கையை நீட்டி
கொக்கியிலிருந்து ஒன்றைக் கிழித்தார்.
பழக்கம். பார்க்கக்கூட இல்லை.

நான் எதையும் சொல்லாமல் இறங்கினேன்.
வெளியே விளக்குக்கம்பத்தடியில்
ஒரு பிணைமான் நின்றது.
வந்து என் மணிக்கட்டை நக்கியது.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை.
அதில் இன்னும் என்ன உப்பு இருந்ததோ.