கையெழுத்துக்கு விட்ட இடம்

ஆண்டவரே, இத்தனை நாள் நான் ஜெபித்ததெல்லாம்
நானே எழுதிக்கொண்டுவந்த மனுக்கள்.
ஊர் பினாங்கு, மாதம் ஆகஸ்ட்,
வேலை கையுறைத் தொழிற்சாலை என்று
எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு
அடியில் ஒரு கோடு மட்டும் உமக்கு விட்டேன்.
"உமக்குச் சித்தமானால்" என்று முடித்தது
சும்மா, ஒரு மரியாதைக்கு.
வட்டார அலுவலகத்தில் குமாஸ்தாவின் மேசையில்
பிஸ்கட் பொட்டலம் ஒன்று வைப்பதில்லையா,
அதுபோல.

பதினெட்டு லட்சம் கியாட்.
ஆறு வருஷம், ஹ்லைங்தாயாவில்
அந்நிய தேசத்துக் குளிர்கோட்டுகளுக்கு ஜிப் தைத்துச் சேர்த்தது.
யாரோ எங்கோ பனியில் இழுத்து மூடுகிற
ஒவ்வொரு ஜிப்பிலும்
என் டிக்கெட்டின் ஒரு பல் இருந்தது.

அப்புறம் அண்ணன் வந்தான்.
அப்பாவின் மசாலாக் கடையை விற்ற பணத்தோடு
பச்சைக்கல் தோண்ட வடக்கே போனவன்.
பன்னிரண்டு வருஷம், ஒரு கடுதாசி இல்லை.
முழங்கை மடிப்பில் ஊசிப் பொத்தல்களும்
நெஞ்சு நிறையச் சளியுமாக
இன்செயின் ஸ்டேஷனிலிருந்து அவனை
முன்பின் தெரியாத கரேன் பையன் ஒருவன் சுமந்துவந்து
அரிசி மூட்டையை இறக்குவதுபோல இறக்கினான்,
சிந்தாமல்.
"தெபோராள் வீடு இதுதானே?" என்றான் பர்மியில்.
இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது.
அந்த நிமிஷத்தை நீர் அறிவீர்.

வேறு கதவைக் காட்டும் என்று கேட்டேன்.
சபையில் வீடுகளுக்கா பஞ்சம்?
எஸ்தாக்கி அண்ணன் வீட்டில் மூன்று அறை, இரண்டு பேர்.
நீரும் கேட்டீர்தானே, ஒலிவ மரங்களுக்கடியில்,
இது வேண்டாமே என்று,
மூன்று தரம்?
நான் முந்நூறைத் தாண்டிவிட்டேன்.
குரல் ஒன்றும் கேட்கவில்லை.
எந்த வசனமும் எழுந்து நின்று என்னைப் பார்க்கவில்லை.
கரண்ட் போனது.
இருட்டில் அவன் இருமினான்.
வாளியில் துணி ஊறிக் கிடந்தது.

ஆகஸ்ட் ஒன்பது, காலை பத்து இருபது.
அவன் கைலியைப் பிழிந்து கொடியில் போடும்போது
மிங்கலாடோனிலிருந்து ஏறிய விமானம்
தகரக் கூரைக்கு மேலே தாழப் போனது.
கிளிப்பை வாயில் கவ்வியபடி நிமிர்ந்து பார்த்தேன்.
சமாதானம் வந்தது என்று சொல்ல மாட்டேன்.
கோபம் வந்தது.
அப்புறம் பசி.

ஏஜென்ட் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டான்.
மிச்சம் மருந்தாகிக்கொண்டிருக்கிறது.

ஞாயிறன்று சாட்சி சொல்ல எழுப்பினார்கள்.
"சந்தோஷமாக விட்டுக்கொடுத்தேன்" என்று தொடங்கி
பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.
மின்விசிறி இல்லாத அந்தப் புழுக்கத்தில்
யாரோ அவசரமாக ஒரு ஆமென் போட்டார்கள்.
வீட்டுக்கு வந்து, சோறு வடித்துவிட்டு,
முதல்முறையாக ஒன்றும் எழுதாத தாளை உம்மிடம் நீட்டினேன்.
அடியில் என் கையெழுத்து.
கொஞ்சம் கோணல்தான், கை நடுங்கியது.
மேலே நீர் என்ன எழுதுவீரோ என்று
இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது.

இன்று, விடியாத நாலு மணிக்கு
அவனுக்கு மொஹிங்கா வேண்டுமாம்.
நாலு நாளாகக் கஞ்சித்தண்ணி தவிர எதுவும் இறங்காத தொண்டை.
தூக்குப்போணியும் குடையுமாக இறங்கினேன்.
தெருவெங்கும் கணுக்கால் தண்ணீர்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
மா சான் யீ அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தாள்.

திரும்பும்போது பின்னாலேயே அந்தச் செவலை நாய்.
யார் வீட்டு நாயும் இல்லை.
கல்லெடுத்தால் நிற்கும், நடந்தால் நடக்கும்.
"பினாங்கு" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.
காதை உயர்த்தியது.
மழைக்குள் தனியாக நின்று சிரித்தேன், ஆண்டவரே,
எத்தனை மாதத்துக்கு அப்புறமோ.
ஓடி முன்னால் வந்து என் காலைச் சுற்றியது.
குடையால் மெல்லத் தள்ளினேன்.
போகமாட்டாய், தெரியும்.
சரி, வா.
பின்னால் வா.

போணி கையைச் சுட்டது.
ஆறுவதற்குள் போய்ச் சேரவேண்டும்.