இரண்டாம் வியாழன், இரண்டரை மணி

முப்பத்திரண்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன்.
எல்லாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுடையவை;
உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும்.
ஆறு மணிக்கு நாலு பேர் இருந்தோம்:
செயலாளர் நான், பொருளாளர் நெலிதா,
யானெட் ஆசிரியை,
மழைக்கு ஒதுங்கிய ஒரு தகப்பன்.

தீர்மானம் ஒன்று: ஜன்னலோர மேசைமேல் கூரை ஒழுகுகிறது.
தீர்மானம் இரண்டு: அடுப்புக்கு வந்த விறகு ஈரம்.
தீர்மானம் மூன்று: மேற்படி இரண்டையும் அடுத்த மாதம் பேசுவது.
காலி நாற்காலிகள் இருபத்தெட்டும்
ஒருமனதாக ஆமோதித்தன.

எனக்கு வந்த கோபத்தில்
"பெற்றோர் வருகை கட்டாயம், தவறினால் ஆயிரம் பெசோ" என்று
சிவப்பு மையில் எழுதி வீட்டுக்கு வீடு அனுப்பினேன்.
அடுத்த மாதம் மூன்று பேர்.
மழைக்கு ஒதுங்கியவர்
அபராதத்தை உறையிலிட்டு மகளிடம் கொடுத்துவிட்டிருந்தார்,
என் பெயரைப் பிழையில்லாமல் எழுதி.

சண்டை போடத்தான் போனேன்
சால்மன் ஆலை வாசலுக்கு.
வெள்ளை ரப்பர் பூட்சோடு வெளியே வந்தார் எக்தோர் மிய்யாலோங்கோ.
"ஆறு மணி என்கிறாய்.
ஆறு மணிக்கு என் கை மீனுக்குள் இருக்கும்.
அன்றைக்கு இயந்திரம் பழுது, அதனால் வந்தேன்."
நீட்டிய உறையை வாங்கவில்லை.
கையுறை ஈரமாம்.

பின்னால் நின்ற இசோலினா கொன்யுவேகார் சொன்னாள்:
"ஒரு தடவை வந்தேன்.
குலுக்கல் சீட்டு பத்து வாங்கச் சொன்னீர்கள்,
என் பையன் இருப்புக் கொள்ளாதவன் என்றீர்கள்.
இரண்டையும் கேட்க யார் மறுபடி வருவார்கள்?"
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"கையெழுத்து வேறு போடச் சொன்னீர்கள்."

ஏழு மாதமாக அவள் பெயருக்கு நேரே
"காரணமின்றி வரவில்லை" என்று எழுதிய கை இது.
அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஊர் கூடி வீட்டையே இழுக்கிற தீவு எங்கள் சிலோயே.
இடம் சரியில்லை என்றால் சுவரைத் திட்டமாட்டோம்.
அடியில் உருளைக்கட்டை கொடுத்து, மாடு பூட்டி,
கடல் குறுக்கே வந்தால் மிதக்கவிட்டு
அக்கரை சேர்ப்போம், அடுப்பு சிம்னியோடு.
ஒரு கூட்டத்தை நகர்த்த
எத்தனை மாடு வேண்டும்?

ஆலையின் சாப்பாட்டுக் கூடம்.
ஒரு ஷிப்ட் முடிந்து மறு ஷிப்ட் தொடங்கும் இரண்டரை மணி.
பதினேழு பேர்.
மீன் வாடை, நனைந்த கம்பளி, உயரமான பெஞ்சுகள்.
நான் தீர்மானம் ஒன்றை வாசித்து முடிக்கவில்லை,
"ஜன்னலிலிருந்து மூன்றாவது மேசைதானே?" என்றாள் இசோலினா.
"அங்கேதான் நான் உட்கார்ந்திருந்தேன்.
என் நோட்டிலும் சொட்டும்.
தகரத்தில் இல்லை ஓட்டை,
சிம்னி கழுத்தில். தண்ணீர் நடந்து வருகிறது."

இருபது வருடமாகத் தகரத்தை மாற்றிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை ஏணியைப் பிடிக்க ஐந்து பேர் போதும்;
ஒன்பது பேர் வந்து
ஏணியை ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள்.
கழுத்தில் தார் பூசி முடித்தாயிற்று.
விறகு இன்னும் ஈரம்தான்.
அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வராத பதினைந்து பேருக்கு:
சிவப்பு மையை வீசிவிட்டேன்.
பேசத் தெரியவேண்டாம்; நெலிதா
நம் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுவாள், நிறுத்துவதுதான் சிரமம்.
கையெழுத்து வேண்டாம்.
குலுக்கல் சீட்டு உண்டு, கட்டாயமில்லை.
உங்கள் பிள்ளையைப் பற்றி
முதலில் நல்லதாக ஒன்று சொல்ல
யானெட் ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார்,
இசோலினாவின் மகனைப் பற்றிக்கூடச் சொன்னார்:
மழை வரும் முன்பே வாளியை எடுத்து வைப்பவனாம்.

எக்தோரின் ஆயிரம் பெசோவுக்குக் காப்பித்தூள் வாங்கியிருக்கிறோம்.
கோப்பைகள் பன்னிரண்டுதான்.
உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.